சேத்துப்பட்டிலிருந்து படப்பைக்கு மூன்று குடம் மீன்குஞ்சு

நிலாவில் மனிதன் கால் வைத்துவிட்டான் என்று ரேடியோவில் சொன்ன வருடம் அது. அதே வருடம் தை மாதத்தில்தான் நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது. மூன்றாவதாகவும் ஒன்று நடந்தது. அது எந்த ரேடியோவிலும் வரவில்லை. ஐப்பசியில், தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, நானும் யேசுபாதமும் கன்னியம்மாவும் சேத்துப்பட்டிலிருந்து மூன்று குடம் மீன்குஞ்சைப் படப்பைக்குக் கொண்டுபோனோம். கொண்டுபோகக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. அதனால்தான் கொண்டுபோனோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. அது தப்பாகக் கேட்ட இடங்களை மருமகள் திருத்தியிருக்கிறாள். சில வார்த்தைகளை எடுத்துவிடலாமா மாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த வழியாகப் பண்ணைக் குட்டைக்குக் குஞ்சு வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கார் வைத்திருக்கிறீர்கள், பிளாஸ்டிக் பையில் ஆக்ஸிஜன் அடைத்துத் தருகிறார்கள். நாங்கள் போனது மண்குடத்தோடு, ரயிலிலும் பஸ்ஸிலும் கடைசியில் காலாலும். வழி அதேதான்.

முதலில் ஏன் போனோம் என்பது. நானும் யேசுபாதமும் செம்பாக்கத்தில் ஒரு காண்ட்ராக்டருடைய மீன்குஞ்சுக் குட்டைகளில் கூலிக்கு இருந்தோம். யேசுபாதம் அனகாபுத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார, இவர் மட்டும் தண்ணீரில் இறங்கியவர். காண்ட்ராக்டருக்கு எங்கள் குட்டைகள் போக, முடிச்சூரிலிருந்து படப்பை வரை சாலை ஓரத்து ஏரிகள் பலவற்றில் மீன் குத்தகை இருந்தது. முந்தின வருடம் எங்கள் இரண்டு பேரையும் அவர் ஒரு அரசுப் பண்ணைக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே கரும்பலகை கிடையாது, குட்டைதான் வகுப்பு. குட்டையைக் கழுவுவது, சாணம் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்குவது, கட்லா, ரோகு, மிர்கால் என்று குஞ்சைப் பிரிப்பது, சாகாமல் ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது, எல்லாம் கையால் செய்து பழகினோம்.

திரும்பி வந்த அன்றைக்கே காண்ட்ராக்டர் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "நான் துட்டு போட்டுக் கத்துக்கினு வந்த வேலைடா இது. வெளில எவனுக்காவது சொல்லிக் குடுத்தேன்னு காதுல வுழுந்துச்சு, ரெண்டு பேரும் வூட்டுக்குப் போயிடலாம்."

யேசுபாதம் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், "தலைதானே ஆட்டுனேன், வாயால ஒண்ணும் சொல்லலயே" என்றார்.

கன்னியம்மா வந்தது அந்தக் கோடையில், குட்டைக் கரைக்கு மண் போட வந்த ஆட்களோடு. படப்பைக்குப் பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தவர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவர்கள் காலனிக்குப் பின்னால் ஒரு தாங்கல் உண்டு, சின்ன ஏரி. அதில் மீன் குத்தகை வருடா வருடம் எங்கள் காண்ட்ராக்டருக்குத்தான் போகும். காலனி ஜனம் தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்து அந்த வருடம்தான் முதல்முறையாகக் குத்தகையைத் தங்கள் பேருக்கு வாங்கியிருந்தார்கள். ஒரு நிபந்தனை: தீபாவளிக்குள் பஞ்சாயத்துத் தலைவர் பார்க்க உயிருள்ள குஞ்சு விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குத்தகை பழைய ஆளுக்கே திரும்பும். காண்ட்ராக்டரோ சுற்றுவட்டாரத்தில் குஞ்சு விற்கிற எல்லோரிடமும், காலனிக்கு ஒரு குஞ்சு போகக்கூடாது என்று சொல்லி வைத்துவிட்டார்.

மண்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னியம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, மீன் வளக்கணும்னா இன்னா இன்னா பண்ணணும்?"

"சொல்லக்கூடாதுக்கா. மொதலாளி அனுப்பிச்சு கத்துக்கினது."

"கத்துக்கினது உங்க மொதலாளியா, நீயா?"

யேசுபாதம் சிரித்துக்கொண்டே, "ஞாயித்துக்கெயம பூசை முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் படப்பைப் பக்கம் காத்து வாங்க வருவோம்மா" என்றார். எனக்கும் பூசைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் போனேன்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தது. தாங்கலில் வற்றிக் கிடந்த தண்ணீரில் இலுப்பைப் புண்ணாக்கு கரைத்துவிட்டால் குஞ்சைத் தின்னும் விரால், கெளுத்தி எல்லாம் செத்து மிதக்கும். அதைச் செய்தோம். மழை விழுந்து தண்ணீர் ஏறியதும் சாணம் போட வைத்தோம். தண்ணீர் பச்சையானதைப் பார்த்து, கெட்டுப்போச்சு என்று காலனியில் நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். அந்தப் பச்சைதான் குஞ்சுக்குச் சோறு என்று அவர்களுக்குப் புரியவைத்தது நாங்கள் இல்லை, கன்னியம்மாதான். தாங்கல் தயார், குஞ்சுதான் இல்லை. சேத்துப்பட்டுப் பக்கம் இருந்த அரசுப் பண்ணையில் யார் கேட்டாலும் குஞ்சு கொடுப்பார்கள். அங்கே காண்ட்ராக்டருடைய சொல் செல்லாது. போவது என்று முடிவானது. "கொண்டாறதயும் நான் கத்துக்கணும், நானும் வரேன்" என்று கன்னியம்மா கிளம்பிவிட்டார்.

முதல் ரயிலில் தாம்பரத்திலிருந்து ஏறினோம். அப்போது மீட்டர்கேஜ் மின்சார வண்டி. சேத்துப்பட்டு வரை இருபத்து நாலு கிலோமீட்டர் இருக்கும், முக்கால் மணி நேரம். வாய் குறுகிய மூன்று மண்குடம், சுற்றிக் கட்ட ஈரச் சாக்கு, மூட ஒரு பழைய வேட்டித் துணி. வேறு சாமான் இல்லை. கன்னியம்மா முந்தானையில் ஒரு முடிச்சு போட்டிருந்தார். பண்ணையில் குஞ்சுகளை முந்தின நாளே பட்டினி போட்டு வைத்திருந்தார்கள். விரல் நீளம். வெயில் ஏறுவதற்குள் வாங்கி, திரும்பு வண்டியைப் பிடித்துவிட்டோம்.

இனிமேல்தான் வேலை. குடத்துத் தண்ணீர் நின்றால் குஞ்சு செத்துவிடும். தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆடினால்தான் காற்று உள்ளே போகும். வண்டி ஓடும்போது அதுவே ஆட்டிவிடும். ஸ்டேஷனில் நின்றால் நாம் ஆட்ட வேண்டும். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் என்று வண்டி நிற்க நிற்க, மூன்று பேரும் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தையைத் தூளியில் ஆட்டுவதுபோல ஆட்டினோம். வண்டி கிளம்பினதும் விட்டோம்.

எதிர் சீட்டில் ஒரு ஆபீஸ்காரர். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, எல்லாரும் வண்டி ஓடறப்ப ஆடுவாங்க, நீங்க நிக்கறப்ப ஆடறீங்களே, ஏன்?"

"உள்ள புள்ளைங்க கீதுங்க சார். வண்டி நின்னா முயிச்சுக்கும்" என்றார் கன்னியம்மா.

பரங்கிமலை வந்தபோது அவரும் ஒரு குடத்தில் கை வைத்திருந்தார். குரோம்பேட்டையில் இறங்கும்போது, "என் கொடத்தைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாம்பரத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். நானும் யேசுபாதமும் கண்டக்டரைச் சமாதானப்படுத்தப் போனோம். கன்னியம்மா குடங்களை ஆட்டிக்கொண்டு நிழலில் இருந்தார்.

"மீன் கூடையெல்லாம் ஏத்த மாட்டேன்யா. நாறும்" என்றார் கண்டக்டர்.

"இது செத்த மீன் இல்ல, உசுரு. நாறாது" என்றேன்.

"உசுரா? அப்ப ஆளுக்கு ஒரு டிக்கெட்டா?" என்று சிரித்தார். கடைசியில் குடத்துக்கு ஒரு டிக்கெட் கிழித்தார். ஒவ்வொன்றும் முப்பது காசு. மீனுக்கு டிக்கெட் எடுத்த ஆட்கள் தாம்பரத்தில் நாங்களாகத்தான் இருக்கும்.

படப்பைக்குத் தாம்பரத்திலிருந்து பதினாலு கிலோமீட்டர். பஸ் ஐந்து கிலோமீட்டர் போயிருக்கும், முடிச்சூரைத் தாண்டினோம். யேசுபாதம் துணியை விலக்கிப் பார்த்தார். தண்ணீர் மேல் நுரை. குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"தவுடு" என்றார்.

கன்னியம்மாவின் முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது. புதுத் தண்ணீரில் விட்டதும் போடுவதற்கு ஒரு கை நல்ல தவிடு கொண்டுவா என்று சொன்னது நாங்கள்தான். "நேத்திலேர்ந்து பட்டினின்னீங்களே. வெறும் வயித்தோட ஒருத்தரப் பயணம் அனுப்புவாங்களா? அதான் நெழல்ல குந்திகினு இருக்கறப்ப ஆளுக்குக் கொஞ்சம்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. தின்றால் கழியும், கழிந்தால் குடத்துத் தண்ணீர் கெடும். பட்டினி போட வேண்டும் என்று சொன்னோமே தவிர, எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

"நம்ப சொன்னது பாதி பாடம்பா" என்று யேசுபாதம் என்னிடம் சொன்னார். கன்னியம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து பஸ்ஸின் மணிக் கயிற்றை இழுத்தார். தண்ணீர் மாற்றாவிட்டால் கால் மணியில் மூன்று குடமும் செத்துவிடும், தாங்கலும் கையை விட்டுப் போய்விடும். இடது பக்கம் ஒரு ஏரி, ஐப்பசி மழையில் நிறைந்து கிடந்தது. அது எங்கள் காண்ட்ராக்டருடைய குத்தகை ஏரி என்று எனக்கும் அவருக்கும் தெரியும். இறங்கினோம்.

கரையில் குடங்களை வைத்தோம். துணியை வாயில் கட்டி, பாதித் தண்ணீரைச் சாய்த்து, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஆரம்பித்தோம். ஒரேயடியாக ஊற்றினால் அந்தச் சூடும் குளிரும் தாங்காமலும் செத்துப்போகும். காண்ட்ராக்டர் ஏரிக்கு வைத்திருந்த காவலாளி கம்போடு ஓடி வந்தார். இளவட்டம், என் வயதுதான். ஏரிக்கரையில் மூன்று பேர், மூன்று குடம், குடம் நிறையக் குஞ்சு. அவர் என்ன நினைப்பார்?

"கொடத்த கீய வை. ஏரி மீனைத் திருடறீங்களா?"

"திருடல. தண்ணி மொள்றோம்" என்றேன்.

"தண்ணியும் எங்க குத்தகைதான்."

கன்னியம்மா நிமிரவே இல்லை, குடத்தை ஆட்டிக்கொண்டே பேசினார். "உங்க மொதலாளி மீனைத்தானப்பா ஏலம் எடுத்தாரு? வானத்துலேர்ந்து வுழுந்த தண்ணியயும் எடுத்தாரா? நாளைக்கு மாடு குடிச்சா மாட்டப் புடிச்சிக் கட்டுவியா?"

காவலாளி கொஞ்சம் தடுமாறினார். "ஏம்மா, பேசறத நிறுத்து. மொதல்ல ஆட்டறத நிறுத்து."

"நிறுத்தினா செத்துடும்."

"எது?"

கன்னியம்மா துணியை விலக்கிக் காட்டினார். தண்ணீரை ஆட்டினால் குஞ்சு கீழே போகிறது, நிறுத்தினால் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. இரண்டு முறை செய்து காட்டினார். அவருக்குத் தெரிந்து ஒருநாள்கூட ஆகாத பாடம் அது. காவலாளி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னியம்மாவுக்கு விடியலிலிருந்து ஆட்டி ஆட்டித் தோள் இறங்கிவிட்டது. "ஒரு நிமிசம் புடிப்பா" என்று குடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டார். அவரும் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு குடத்தை வாங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மதகுப் பக்கமிருந்து மானேஜர் புல்லட்டில் வந்தார். காண்ட்ராக்டருடைய கணக்கு வழக்கு, ஆள் அம்பு எல்லாம் பார்க்கிறவர் அவர். வண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கவில்லை, காவலாளியைத்தான் பார்த்தார்.

"இன்னாடா பண்றே?"

"ஆட்றேன் சார்."

"இன்னாத்துக்குடா?"

"நிறுத்தினா செத்துடும்னாங்க சார்."

அப்புறம்தான் மானேஜர் கண்ணில் நானும் யேசுபாதமும் பட்டோம். முகம் மாறிவிட்டது. "ஓகோ. நம்ப ஆளுங்களே நம்ப ஏரில கைவெக்கிறீங்களா? குஞ்சுங்கள ஏரில ஊத்துங்கடா."

யேசுபாதம் மரியாதையாகத்தான் சொன்னார். "இது சேத்துப்பட்டுக் குஞ்சு சார். காலனித் தாங்கலுக்குப் போவுது. இங்க தண்ணி மட்டும்தான் மாத்தினோம்."

காலனித் தாங்கல் என்றதும் மானேஜர் இன்னும் கத்தினார். "அதுக்குத்தான் ஊத்துன்றேன். மூணு பேரும் ஏரில வலை போட்டீங்கன்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தா தீபாவளி உள்ளதான் உங்களுக்கு."

"ஊத்தினா அது உங்க மீனு. கொடத்துல கீற வரைக்கும் எங்க மீனு. ஸ்டேசனுக்குத்தான போவணும்? போலாம், வா. ஆட்டிகினே வரேன்" என்றார் கன்னியம்மா. சொல்லிவிட்டுத் தன் குடத்தைக் காவலாளி கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மானேஜர் காவலாளியிடம் திரும்பினார். "நீ பாத்த இல்ல? இவங்க வலை போட்டத நீ பாத்த. சொல்லு."

ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றது. அவர் பார்த்தேன் என்று சொன்னால் எங்கள் குஞ்சு ஏரிக்குள், நாங்கள் ஸ்டேஷனில், தாங்கல் காண்ட்ராக்டர் கையில். அவரும் கூலி ஆள்தான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். கம்பைத் தரையில் ஊன்றினார்.

"வலை இல்ல சார். தண்ணிதான் மொண்டாங்க."

"டேய்."

"நான் பாத்ததத்தான சார் சொல்ல முடியும்?"

மானேஜர் புல்லட்டை உதைத்தார். கிளம்பும் முன்னால் எங்கள் இருவரையும் பார்த்து, "அந்தத் தாங்கல்ல ஒரு குஞ்சு வுழுந்துச்சு, நாளையிலேர்ந்து செம்பாக்கம் பக்கம் வராதீங்க" என்றார். யேசுபாதம் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம், வீட்டில் வேறு வருமானம் கிடையாது. நான் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தேன். அவரும் தூக்கினார்.

அடுத்த பஸ்ஸுக்கு நிற்க முடியாது. மீதி ஒன்பது கிலோமீட்டரும் நடைதான். மண்ணிவாக்கம் வரும் முன்னால் தரைப்பாலத்தின்மேல் முழங்கால் அளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குடம் சூடாகாமல் இருக்க அங்கே சாக்கை நனைத்துக்கொண்டோம். நடப்பதில் ஒரு சௌகரியம், குடம் தானாகவே ஆடும். என் தோளில் ஆடியது, யேசுபாதத்தின் தோளில் ஆடியது. கன்னியம்மா சும்மாடு வைத்துத் தலையில் தூக்கியிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் குடத்தில் எட்டிப் பார்த்தால் குஞ்சுகள் மறுபடி மேலே. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. கிணற்றிலிருந்து வீடுவரை ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து நடந்து பழகிய கழுத்து அது.

"அக்கா, தளும்பத் தளும்ப நடக்கணும்" என்றேன்.

"எனக்கு வராது தம்பி."

"கோணக்கால் போட்டு நட. குதிச்சு நட."

"தளும்பினதுக்கு எங்க அத்த என்னா அடி அடிச்சிருக்கா தெரியுமா? இந்த நடை வர்றதுக்கு எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப அத மறக்க சொல்றியா?" என்றார். ஆனால் நடந்தார். இடுப்பை வெட்டி, ஒரு காலை இழுத்து, நொண்டிக்கொண்டு, தண்ணீர் முகத்தில் வழிய வழிய நடந்தார். கரசங்காலில் கடை வாசலில் நின்றவர்கள், பொம்பள குடிச்சிருக்கா என்றார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "ஆமா, உனக்கு வேணுமா?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளாடிக் காட்டினார்.

தாங்கலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காண்ட்ராக்டருடைய சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், காலனி ஜனம் அத்தனை பேர். நாங்கள் நேராகத் தண்ணீரில் இறங்கிக் குடத்தைக் கொட்டவில்லை. குடத்தைக் கழுத்து வரை தாங்கலில் அமுக்கி மிதக்கவிட்டு நின்றோம். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். கரையிலிருந்து சிரிப்பு கேட்டது.

"இன்னாய்யா, கொடத்தக் குளிப்பாட்றியா? செத்துப்போச்சுன்னு சொல்லிட்டு ஏறி வா" என்றான் அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவன்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கன்னியம்மா முதல் குடத்தைச் சாய்த்துப் பிடித்தார். ஊற்றவில்லை, வாயைத் தண்ணீருக்குக் காட்டினார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒன்று தலையை நீட்டியது, போனது. அதன் பின்னாலேயே கூட்டமாகப் போயின. என் குடத்தில் முக்கால்வாசி உயிர். யேசுபாதத்தின் குடத்தில் தவிடு அதிகம் விழுந்திருந்தது, பாதிக்கு மேல் வெள்ளை வயிற்றோடு மிதந்தன.

"எத்தன உசுரோட போச்சு? எண்ணணும். நாலு குஞ்சு வுட்டுட்டுக் குத்தகைன்னா எப்படி?" என்று அந்தச் சொந்தக்காரன் தலைவரிடம் கேட்டான்.

"எறங்கி எண்ணு" என்றார் கன்னியம்மா. இடுப்பளவு தண்ணீரில், தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார். "தண்ணி கீது, மீனு கீது. எறங்கி எண்ணிட்டு வா, ஒத்துக்கறேன்."

தலைவர் எழுந்தார். உயிருள்ள குஞ்சு விட்டாகிவிட்டது, தான் பார்த்ததாக எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். காலனியில் தீபாவளி அன்றைக்கே வந்துவிட்டது.

மறுநாள் காலை நாங்கள் செம்பாக்கம் போனோம். வராதே என்றால் வராமல் இருந்துவிட வேண்டுமா? கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். சரி, அனுப்பியது அவர்களாகவே இருக்கட்டும் என்றுதான் போனோம். அடுத்த வாரத்திலிருந்து தாங்கல் கரைதான் எங்கள் வேலை. காலனிக்காரர்கள் எங்களைக் கூலி ஆளாக வைத்துக்கொள்ளவில்லை, பங்கு கொடுத்தார்கள். மற்றப் பண்ணைகளில் கூலிக்கு இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்கள். எழுபதுகள் முழுக்க வந்தார்கள். யார் வந்தாலும் முதல் பாடம் சேத்துப்பட்டுக்குப் போய் ஒரு குடம் கொண்டுவருவது. போகும்போது இன்னும் தெரியாத ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எதைச் சொன்னாலும் எதற்கு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது யேசுபாதம் போட்ட சட்டம். காண்ட்ராக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பித் திரும்ப வரச் சொன்னார். சொல்லிக் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்பது அவர் நிபந்தனை. போகவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயம். குஞ்சு வாங்கும் இடத்தில் முந்தின நாள் தீனி நிறுத்தினார்களா என்று கேளுங்கள். தின்ற குஞ்சு என்றால் ஆக்ஸிஜன் பையும் காப்பாற்றாது. விடிகாலையில் கிளம்புங்கள். எட்டு மணிக்கு மேல் பெருங்களத்தூர் பக்கமும் தாம்பரம் மேம்பாலத்தின் கீழும் மாட்டினால் பை சூடேறிவிடும். முடிச்சூர் வழியாகப் போனால் அந்த ஏரி இடது பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மீதி வீடுகள். வெளிவட்டச் சாலைப் பாலத்தைத் தாண்டினால் நாங்கள் நனைந்த தரைப்பாலம் இருந்த இடம், இப்போது பெரிய பாலம். சேர்ந்ததும் பையை அவிழ்க்காமல் கால் மணி, அரை மணி குட்டையில் மிதக்கவிடுங்கள். கரையில் நின்று சிரிக்கிறவன் சிரிக்கட்டும். குஞ்சுகளைக் கொட்டாதீர்கள், அவையே போகும்.

படப்பை போனால் அந்தத் தாங்கலையும் பாருங்கள். ஒருவர் குத்தகையாக இல்லாமல் சங்கமாக நடக்கிறது. போன வருடம் கரையில் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள், கல்லில் எழுத்து வெட்டி. மருமகள் படித்துக் காட்டினாள். இந்தப் பகுதியில் மீன் வளர்ப்புத் தொழிலாளருக்கு முதன்முதலில் பயிற்சி அளித்த வள்ளல் என்று எங்கள் காண்ட்ராக்டர் பெயரைப் போட்டிருக்கிறதாம். பேரன்கள் பணம் கொடுத்துக் கட்டியது. நான் அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "தாத்தா, உங்ககிட்ட எதாவது ஆதாரம் இருக்கா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

வள்ளல் அனுப்பிய பயிற்சியை நாங்கள் திருடித்தான் கொடுத்தோம். அதைக் கல்லில் வெட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆதாரமா? காண்ட்ராக்டர் போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் இருக்கும். மானேஜரும் இல்லை, பஞ்சாயத்துத் தலைவரும் இல்லை. யேசுபாதம் அனகாபுத்தூரில் வெள்ளம் வந்த வருடத்துக்கு முந்தின வருடம் போனார். கன்னியம்மா போன மாசி மாதம். அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அந்தத் தாங்கல் கரை வழியாகத்தான் போனார்கள், வளைவு வழியாகப் போகவில்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம், நான் ஒரு தரப்பு ஆள். அன்றைக்கு ஏரிக்கரையில் எங்களோடு இருந்து, எதிர்த் தரப்பில் சம்பளம் வாங்கி, பார்த்ததை மட்டும் சொன்னதற்காக வேலையை இழந்தவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். கண் கொஞ்சம் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. முடிச்சூரில் மகன் வீட்டில்தான் இருக்கிறார். போய்க் கேளுங்கள். அந்தக் காவலாளியின் பெயர் முனுசாமி.